பிப்ரவரி 14: கிறிஸ்தவப் புதுத் தம்பதிகளுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் சபையின் திருமண ஆயத்த வகுப்பில் ஒரு மணி நேரத்தை எனக்கும் என் மனைவிக்கும் ஒதுக்கியிருக்கிறார்கள். ஐயர் (எங்கள் சபைப் போதகரை அப்படித்தான் அழைப்போம்) வேதபாடம் முடித்துவிட்டுப் போனதும் வரவு செலவு, மாமியார் வீடு, சண்டையை எப்படி ஆரம்பிக்காமல் இருப்பது, ஆரம்பித்தால் எப்படி முடிப்பது என்று வீட்டுச் சமாச்சாரங்களைப் பேசுவது எங்கள் வேலை. ஜனவரி மாத வகுப்பு என்றால் கடைசியில் ஒரு பையன் தயங்கித் தயங்கிக் கேட்பான். "அண்ணே, பிப்ரவரி 14 கொண்டாடலாமா? வீட்டுல தப்புன்னு சொல்றாங்க." பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண் உடனே கையிலிருக்கும் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டத் தொடங்குவாள். என்ன பதில் வரவேண்டும் என்று எதிர்பார்க்கிறாள் என்பது அந்தப் புரட்டலிலேயே தெரிந்துவிடும்.

காதலர் தினத்தைக் கொண்டாடலாம். கட்டாயம் ஒன்றும் கிடையாது, ஆனால் தாராளமாகக் கொண்டாடலாம். எப்படி என்பதை வகுப்பில் சொல்வதைவிடக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். நாங்கள் செய்த தப்புகளும் இதில் உண்டு.

பெரியவர்கள் கேட்டால் என்ன சொல்வது

முதலில் வாலண்டைன் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். 3ஆம் நூற்றாண்டில் ரோமாபுரியில் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்ட இரத்தசாட்சி அவர். ரோமில் ஒரு குருவானவர், டெர்னி ஊரில் ஓர் ஆயர் என்று அந்தப் பெயரில் இரண்டு பேரைப் பற்றிய கதைகள் உண்டு. இரண்டும் ஒரே ஆள்தானா என்பது இன்றுவரை தீரவில்லை. ராஜா போர்வீரர்களுக்குக் கல்யாணத்தைத் தடைசெய்தார், இவர் ரகசியமாகக் கல்யாணம் செய்துவைத்தார் என்று வருடா வருடம் வாட்ஸப்பில் வருகிறதே, அதற்கு அந்தக் காலத்துச் சான்று எதுவும் இல்லை. பின்னால் வளர்ந்த கதை. அந்த நாளைக் காதலோடு முடிச்சுப் போட்டதும் மிகவும் பிந்தித்தான்: பறவைகள் இணை தேடும் நாள் என்று 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிதையில் வருகிறது. கத்தோலிக்கத் திருச்சபை 1969இல் தன் பொது நாட்காட்டியைத் திருத்தியபோது வாலண்டைன் திருநாளை அதிலிருந்து எடுத்துவிட்டது. ஆனால் புனிதர் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் "அவர் புனிதரே இல்லையாம்" என்று பேசுகிறவர்கள் நம் உறவிலேயே நாலு பேராவது இருப்பார்கள்.

ஆக, இது வேதத்தில் சொன்ன பண்டிகை கிடையாது. அஞ்ஞானப் பண்டிகை என்று பயப்படவும் ஒன்றும் இல்லை. ஒருவன் ஒரு நாளை விசேஷமாக எண்ணுகிறான், இன்னொருவன் எல்லா நாளையும் சமமாக எண்ணுகிறான், அவனவன் தன் மனதில் நிச்சயமாயிருக்கட்டும் என்று ரோமர் 14இல் பவுல் சொல்கிறாரே, அது இந்த மாதிரிப் பஞ்சாயத்துக்குத்தான் சரியாகப் பொருந்தும். வீட்டில் மாமாவோ பெரியப்பாவோ கடுமையாகப் பேசினால் எதிர்வாதம் செய்யாதீர்கள். "சரி மாமா, நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஜெபம் பண்ணி வீட்டுலயே சாப்பிடப் போறோம்" என்றால் அவருக்கு அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இருக்காது. (காதல் வேதத்துக்கு விரோதம் என்று சொல்லும் வாயே வரன் பார்க்கும்போது முதல் கேள்வியாகச் சாதியைக் கேட்பதை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு வசனம் எது என்று யாரும் அவரைக் கேட்பதில்லை.)

நாட்காட்டியைப் பார்த்தபிறகு திட்டம் போடுங்கள்

இது நான் சூடுபட்டுக் கற்றுக்கொண்டது. நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), என் மனைவி பிறந்தது தூத்துக்குடியில் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) குடும்பத்தில். கல்யாணத்துக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயிலுக்கு வந்தாலும் லெந்து என்கிற தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு மட்டும் அந்தோணியார் கோயிலுக்குப் போய்விடுவாள். 2018இல் நான் பெரிய மனது பண்ணி ஒரு ஹோட்டலில் மேஜை பதிவு செய்தேன். மெழுகுவர்த்தி, ரோஜா, அசைவ பஃபே எல்லாம் உண்டு. வேலை முடிந்து நேராக ஹோட்டல் வாசலுக்கு வரச் சொல்லியிருந்தேன். வந்தாள், நெற்றியில் சாம்பல் சிலுவையோடு. அந்த வருடம் பிப்ரவரி 14 சாம்பல் புதன், நெற்றியில் சாம்பலிட்டுக் கறியை ஒதுக்கும் நாள். எங்கள் சபை நாட்காட்டியிலும் அச்சாகித்தான் இருந்தது, நான்தான் பார்க்கவில்லை.

உள்ளே போய் உட்கார்ந்ததும் பரிமாற வந்த தம்பி டிஷ்யூவை நீட்டி, "மேடம், நெத்தியில ஏதோ கறை" என்றான். அவள் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றாள். எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அத்தனை வகைக் கறிக்கு நடுவே அவள் ஒரு கிண்ணம் தயிர்சாதம் சாப்பிட்டாள். நானும் அதையே எடுத்துக்கொண்டேன். முன்பணம் திரும்பாது என்றார்கள். அவர்கள் பக்கம் நியாயம்தான்.

சாம்பல் புதன் ஈஸ்டருக்கு 46 நாள் முன்னால் வரும், அதனால் வருடத்துக்கு வருடம் நகரும். 2024இலும் பிப்ரவரி 14இல்தான் வந்தது, 2029இலும் அப்படித்தான் வரும். 2027இல் பிப்ரவரி 10 சாம்பல் புதன் என்பதால், 14ஆம் தேதி லெந்தின் முதல் ஞாயிறு. பிப்ரவரி இரண்டாம் ஞாயிறை உலகத் திருமண தினமாகக் கடைப்பிடிக்கும் சபைகளும் உண்டு. 2027இல் அதுவும் அதே நாளில் விழுகிறது. ஆராதனை முடிந்து திருமணமானவர்களை முன்னால் அழைத்து ஜெபிக்கிற வழக்கம் உங்கள் கோயிலில் இருந்தால் வெட்கப்படாமல் போய் நில்லுங்கள்.

லெந்து நாளாக இருந்தால் கவனிக்க வேண்டியது இவ்வளவுதான்: உங்கள் துணையின் வீட்டில் கறி சாப்பிடுவார்களா, பூ வைப்பார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். பல குடும்பங்களில் பெண்கள் லெந்து முழுக்கப் பூ வைக்கமாட்டார்கள். தோவாளைப் பூச்சந்தையிலிருந்து நாலு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு போய் நின்றால் அது மேஜையில்தான் கிடக்கும். சாம்பல் புதனன்றே விழுந்தால் கொண்டாட்டத்தை முந்தின நாளுக்குத் தள்ளுங்கள். 13ஆம் தேதி ரோஜாவும் ஒன்றும் வாடிப்போகாது.

காசு

ஒரு தொகையை இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். ஆச்சரியமாகக் கொடுக்கிறேன் என்று கடன் அட்டையைத் தேய்க்காதீர்கள், மார்ச் மாத பில் வரும்போது ஆச்சரியம் அந்தப் பக்கம் திரும்பிவிடும். ஓசூர்ப் பக்கத்து ரோஜாத் தோட்டங்கள் இந்த நாளைக் கணக்குப் பண்ணித்தான் செடியை வெட்டிவிடுகின்றன. பெரும்பகுதி வெளிநாட்டுக்கும் பெருநகரங்களுக்கும் போய்விடுவதால் உங்கள் ஊர்ப் பூக்கடையில் அன்றைக்கு விலை எகிறும். ரோஜா வேண்டும் என்றால் 12ஆம் தேதியே வாங்கி, காம்பின் நுனியைச் சாய்வாக வெட்டி, தண்ணீரில் நிறுத்துங்கள். தண்ணீரைத் தினமும் மாற்றினால் போதும்.

கடிதம்

இந்த ஒன்றை மட்டும் செய்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டாலும் எனக்குச் சம்மதம்.

கையால் எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். அட்டையில் அச்சடித்த வாசகத்துக்குக் கீழே பெயர் போடுவது கடிதம் ஆகாது. என்ன எழுதுவது என்று திகைப்பவர்களுக்கு நான் ஒரு வழி சொல்வது உண்டு. 2014 பிப்ரவரி 14 அன்று போப் பிரான்சிஸ் புனித பேதுரு சதுக்கத்தில் நிச்சயமான ஜோடிகள் ஆயிரக்கணக்கானவர்களைச் சந்தித்தார். சேர்ந்து வாழ மூன்று சொற்கள் போதும் என்றார்: செய்யட்டுமா, நன்றி, மன்னித்துக்கொள். அந்த மூன்றையும் மூன்று பத்தியாக வைத்துக்கொள்ளுங்கள்.

நன்றியிலிருந்து ஆரம்பிப்பது சுலபம். "நீ என் உயிர், என் உலகம்" என்பதையெல்லாம் விட்டுவிடுங்கள், அதை யாரும் யாருக்கும் எழுதலாம். நீங்கள் மட்டும் பார்த்த ஒன்றை எழுதுங்கள். ஒரு வருடம் நான் எழுதியது இது: "போன செவ்வாய்க்கிழமை ராத்திரி கரண்ட் போனபோது நீ அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாய். நான் விழித்துத்தான் இருந்தேன். பார்த்தேன் என்று உன்னிடம் சொல்லவில்லை." அவள் அதைப் படித்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அன்று வாங்கிக் கொடுத்த சேலையை இரண்டு மாதம் கழித்துத்தான் கட்டினாள். கடிதம் அன்றைக்கே அவளுடைய வேதாகமத்துக்குள் போய்விட்டது.

மன்னிப்புப் பத்தியில் ஒரே விதி: "ஆனால்" வரக்கூடாது. "அன்றைக்குக் கத்தியது தப்பு, ஆனால் நீயும்..." என்று ஆரம்பித்தால் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு எடுங்கள். மூன்றாவதாக, வரும் வருடத்தில் செய்ய நினைக்கும் ஒன்றுக்கு அனுமதி கேளுங்கள். தங்கைக்கு மாதம் கொஞ்சம் பணம் அனுப்பட்டுமா, சனிக்கிழமை காலையில் நண்பர்களோடு விளையாடப் போகட்டுமா என்று எதுவாகவும் இருக்கலாம். கேட்காமல் செய்து பழகியவர்களுக்கு, குறிப்பாக ஆண்களுக்கு, இந்தப் பத்திதான் கஷ்டம்.

வசனம் சேர்க்கலாம், ஆனால் பார்த்துச் சேருங்கள். எங்கள் வகுப்புக்கு வந்துபோன ஒரு தம்பி, மனைவிக்குக் கொடுத்த அட்டையில் எபேசியர் 5:22 என்று எழுதியிருக்கிறான். மனைவிகள் கீழ்ப்படிய வேண்டும் என்கிற வசனம். அந்தப் பெண் அதே அட்டையைத் திருப்பி 5:25 என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். கிறிஸ்து சபைக்காகத் தம்மையே கொடுத்ததுபோல் புருஷன் மனைவியில் அன்புகூர வேண்டும் என்கிற வசனம். அன்றைக்கு யாருக்கு வேதம் நன்றாகத் தெரியும் என்று முடிவாகிவிட்டது. கல்யாணப் பத்திரிகைகளில் பார்க்கும் "நீர் போகும் இடத்திற்கு நானும் வருவேன்" என்பதும் அழகான வசனம்தான். ரூத் அதைச் சொன்னது மாமியாரிடம். தாராளமாக உங்கள் அத்தைக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், அந்த வீட்டில் உங்கள் மரியாதை எங்கேயோ போய்விடும்.

பெரியவர்கள் பார்த்துச் செய்த கல்யாணம், எங்களுக்குள் இன்னும் அந்த நெருக்கம் வரவில்லையே, என்ன எழுதுவது என்று கேட்கிறவர்களும் உண்டு. ஆதியாகமம் 24ஐ எடுத்துப் படியுங்கள். ஆபிரகாமின் வேலைக்காரர் போய்ப் பெண் பார்த்துக் கூட்டிவருகிறார். ஈசாக்கு ரெபெக்காளை மனைவியாக்கிக்கொண்ட பிறகுதான் "நேசித்தான்" என்ற சொல் அங்கே வருகிறது. உங்களுக்கும் நேரம் இருக்கிறது. தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன் என்று எழுதுங்கள், அதுவே நல்ல கடிதம்.

சாப்பாடு

"பகையோடிருக்கும் கொழுத்த எருதின் கறியைப்பார்க்கிலும், சிநேகத்தோடிருக்கும் இலைக்கறியே நல்லது" என்கிறது நீதிமொழிகள் 15:17. அன்றைக்கு ஹோட்டலில் இடம் கிடைக்காமல் வாசலில் ஒரு மணி நேரம் நின்று, பசியில் ஒருவரை ஒருவர் குறை சொல்லி, எருதின் கறி சாப்பிடுவதைவிட வீட்டில் சமைப்பது மேல். கடற்கரை, பூங்கா பக்கம் போகவேண்டாம் என்றும் சொல்வேன். காதலர் தினத்தை எதிர்க்கிறோம் என்று கொடி பிடித்து வருகிறவர்கள் கல்யாணமானவர்களையும் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பது நடக்கிறது.

கணவர்தான் சமைக்க வேண்டும். நெல்லைக்காரர்களுக்கு நான் சொல்வது சொதி. மாப்பிள்ளைக்கு மறுவீட்டில் போடும் விருந்து அது. வாங்கிச் சாப்பிட்டவர் திருப்பிச் சமைத்துப் போடுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. அசைவம் இல்லை, லெந்துக்கும் ஒத்துவரும். ஒரு தேங்காயில் மூன்று பால் எடுத்துக்கொள்ளுங்கள். பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்துத் தனியே வையுங்கள். கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, முருங்கைக்காயை மூன்றாம் பாலில் வேகவிட்டு, இஞ்சியும் பச்சைமிளகாயும் அரைத்த விழுது, உப்பு, வெந்த பருப்பு, இரண்டாம் பால் சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். கடைசியில் கெட்டியான முதல் பாலை ஊற்றி, நுரை கட்டி வரும்போதே இறக்கிவிட வேண்டும். கொதித்தால் திரிந்துபோகும். இறக்கி வைத்தபிறகுதான் எலுமிச்சை. தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு சிப்ஸ். முதல் தடவை எனக்குத் திரிந்துதான் போனது. அவள் மோர்க்குழம்பு என்று நினைத்துச் சாப்பிட்டதாகச் சொன்னாள், இன்றுவரை சொல்கிறாள்.

மாமியார், மாமனாரோடு ஒரே வீட்டில் இருப்பவர்கள் கதவை மூடிக்கொண்டு கொண்டாட முடியாது. எல்லோருக்கும் சேர்த்தே சமையுங்கள். அத்தைக்கும் ஒரு ரோஜா வாங்குங்கள். எட்டு மணிக்கு எல்லோரும் சாப்பிட்டு முடித்தால் ஒன்பதரைக்கு மொட்டைமாடி உங்களுடையது. தெருவிலோ சபையிலோ துணையை இழந்து தனியாக இருக்கும் ஆச்சி, தாத்தா யாராவது இருப்பார்கள். ஒரு தூக்குவாளியில் கொஞ்சம் சொதி அவர்களுக்கும் போகட்டும். போகிறவர் கொஞ்ச நேரம் உட்கார்ந்து அவர்கள் கல்யாணக் கதையைக் கேட்டுவிட்டு வரலாம், அவசரம் ஒன்றும் இல்லை.

வாசிப்பும் ஜெபமும்

சாப்பிட்டபிறகு வேதாகமத்தில் இருக்கும் காதல் கவிதையான உன்னதப்பாட்டை எடுங்கள். ஆர்.சி. வேதாகமத்தில் இனிமைமிகு பாடல் என்று இருக்கும். மொத்தம் எட்டே அதிகாரம். அவன் பேசுவதைக் கணவரும் அவள் பேசுவதை மனைவியும் சத்தமாக வாசியுங்கள். ஓய்வுநாள் பள்ளியில் நமக்கு யாரும் இதை மனப்பாடம் செய்யக் கொடுத்ததில்லை, அதனால் முதலில் கூச்சமாகத்தான் இருக்கும். அவள் கூந்தலைக் கீலேயாத் மலையில் மேயும் வெள்ளாட்டு மந்தைக்கு ஒப்பிடும் இடத்தில் இருவருக்கும் சிரிப்பு வரும். சிரியுங்கள். அப்புறம் யோசித்துப் பாருங்கள்: அந்தப் பக்கத்து ஆடுகள் கறுப்பு. சாயங்கால வெயிலில் ஒரு கறுப்பு மந்தை மலைச்சரிவில் அலையலையாக இறங்குவதை அவன் பார்த்திருக்கிறான்.

ஜெபம் நீளமாக இருக்க வேண்டாம். ஒருவர் பெயரை ஒருவர் சொல்லி, இரண்டு நிமிடம். ஜெபம் என்ற பேரில் துணையின் குறைகளைக் கர்த்தரிடம் ஒப்புவிப்பதை நாங்கள் வகுப்பில் தடைசெய்திருக்கிறோம். அன்றைக்குச் சண்டை வந்துவிட்டால் கொண்டாட்டத்தை விடுங்கள், முதலில் சமாதானம். சூரியன் அஸ்தமிக்கும் முன் கோபம் தணிய வேண்டும் என்று இருக்கிறது. பிப்ரவரியில் ஆறரை மணிக்குள் இருட்டிவிடும், அதனால் சீக்கிரம் ஆரம்பியுங்கள்.

கூட இல்லாதவர்களுக்கு, இன்னும் கல்யாணமாகாதவர்களுக்கு

கணவர் வளைகுடாவில் இருந்தால் கடிதத்தை எழுதிப் படம் எடுத்து அனுப்பாமல், போனில் வாசித்துக் காட்டுங்கள். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால், குவைத்தும் சவூதியும் இரண்டரை மணி நேரம். அவர் அறையில் எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள் என்பதையும் கேட்டுவிட்டு நேரம் வையுங்கள்.

நிச்சயமாகி, கோயிலில் ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசித்துக்கொண்டிருக்கும் ஜோடிகளும் சந்திக்கலாம். இரு வீட்டுக்கும் தெரிந்து, பகல் நேரத்தில், ஆட்கள் இருக்கும் இடத்தில். மிச்சத்தை ஐயர் வகுப்பிலேயே சொல்லியிருப்பார், நான் திருப்பிச் சொல்லி உங்களைச் சங்கடப்படுத்தவில்லை. வீட்டுக்கே தெரியாமல் காதலிப்பவர்கள் அந்த நாளை ஒளிந்து சந்திக்கப் பயன்படுத்துவதைவிட, வீட்டில் பேசக்கூடிய ஒரு பெரியவரைத் தேடப் பயன்படுத்தலாம். அப்படி ஒரு சித்தியோ மாமாவோ எல்லாக் குடும்பத்திலும் இருப்பார்கள்.

புதுசாகக் கல்யாணமானவன் ஒரு வருடம் போருக்குப் போகாமல் வீட்டிலிருந்து மனைவியைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று உபாகமம் 24:5 சொல்கிறது. உங்கள் மேலாளரிடம் இதைக் காட்டி விடுப்பு கேட்க முடியாது. அன்றைக்கு ஒரு மணி நேரம் சீக்கிரம் கிளம்புவதற்கு மட்டும் முதல் நாளே சொல்லி வையுங்கள். தேங்காய் துருவ அந்த நேரம் வேண்டும்.